தூரப் பக்கத்துத் தூசி

சமீராவைப் பற்றிப் பேசும்போது யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். பாவம் பார்க்கிற அளவுக்கு அவள் யாருக்கும் இடம் கொடுத்தவள் இல்லை. அவளோடு தினமும் பேருந்தில் போய் வந்த என்னைப் பார்த்து வேண்டுமானால் பாவம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவள் இயற்பியல் பாடம் எடுக்கிறாள், நான் வேதியியல். காலையில் கல்லூரிப் பேருந்து பரங்கிப்பேட்டையில் அவளை ஏற்றிக்கொண்டு முட்லூரில் என்னிடம் வரும். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பத்து வருஷத்துக்கு மேல் இதே சீட்டுதான். அத்தனை வருஷம் ஒருத்தி காதருகே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தால் வேதியியல்காரிக்கும் ஆகாசம் கொஞ்சம் பிடிபட்டுவிடும்.

சமீராவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எம்.எஸ்ஸி. முடித்த வருஷம் சொந்தத்திலேயே மாப்பிள்ளை வந்தது. "எனக்கு மேல படிக்கணும் வாப்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் "படி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் தெருவில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. ஹபிபுல்லா என்று பெயர். இளமை முழுவதும் மலேசியாவில் ஒரு மளிகைக் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். பொண்ணு சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகத்தான் கட்டிக்கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்று பள்ளிவாசல் வாசலிலேயே ஒருத்தர் பேசியிருக்கிறார். இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்துதான் மனைவி மலிகாவிடம், "எம்பொண்ணு டாக்டராயிட்டு வரட்டும், அன்னிக்கு வெச்சிக்கிறேன் இவனுங்கள" என்றாராம்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் துறையில் பகுதிநேர பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை தவறாமல் போவாள். என்ன தலைப்பு என்று கேட்டேன். ஒரு சுருள் கேலக்ஸியில் தூசி மேகங்கள் எங்கெங்கே, எவ்வளவு கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பது என்றாள்.

"ஏண்டி, வூட்டுத் தூசியப் பெருக்கவே நமக்கு நேரமில்ல. நீ ஆகாசத்துத் தூசிய அளக்கப் போறியா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பனி படிந்திருந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு சுருளை வரைந்தாள். தூசி என்றால் சாம்பிராணிப் புகையைவிடச் சன்னமான துகள்களாம். கரியும் மணலும் கலந்த மாதிரி. கண்ட இடத்தில் சிதறிக் கிடப்பதில்லையாம். கேலக்ஸியின் நடுவிலிருந்து கிளம்பி வளைந்து வெளியே போகிற கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கையின் உள் ஓரத்தையும் ஒட்டி, கண்ணுக்கு மை இட்டதுபோல ஒரு கறுப்புக் கோடாகத் தூசி போகும். அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சின்னச் சின்னக் கிளைகள் பிரியும். கையைத் தாண்டினால் குறைந்துவிடும். நடுவிலிருந்து தள்ளிப் போகப்போக இன்னும் மெலிந்துகொண்டே போய், ஓரத்தில் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடுகிற அளவுக்கு ஆகிவிடும். தூசி எங்கே அடர்த்தியாகத் திரள்கிறதோ அங்கேதான் புது நட்சத்திரங்கள் பிறக்கும் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறியது. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேருந்து ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் வெயில் ஏறி அந்தப் படம் வழிந்துவிட்டது.

அவள் எடுத்துக்கொண்ட கேலக்ஸிக்குப் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். அது நமக்கு நேராகத் தெரியாது. கையில் சாய்த்துப் பிடித்த தட்டு மாதிரி, ஒரு விளிம்பு நம் பக்கமாகவும் மறு விளிம்பு தள்ளியும் தெரியும். அந்தப் படத்தை வட்டம் வட்டமாகவும் கூறு கூறாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நட்சத்திர வெளிச்சம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து தூசியைக் கண்டுபிடித்தாள். வருஷக்கணக்கில் இதே வேலை. கடைசியில் ஒரு விஷயம் கிடைத்தது. நம் பக்கம் இருக்கிற பாதியில் தூசி அடர்த்தியாக இருந்தது. தூரப் பக்கத்துப் பாதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஏதோ ஒரு சின்ன கேலக்ஸி அந்தப் பக்கமாக உரசிக்கொண்டு போனபோது தூசியை வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று எழுதினாள். அவளுடைய நெறியாளர், ஓய்வுபெறப் போகிற வயதில் இருந்த பேராசிரியர், அப்படி ஒரு சந்தோஷத்தோடு தோளைத் தட்டிக்கொடுத்தாராம். ஒரு கருத்தரங்கில் போய் வாசித்தாள். புது விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இதற்கிடையில் ஹபிபுல்லாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கடலூரில் ஒரு மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இதயமும் பலவீனமாக இருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் ஓடினாலே பெரிய விஷயம் என்று டாக்டர் சமீராவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதைக் கேட்டு வந்த அன்று அவள் பேருந்தில் அழுதாள். ஆனால் ஆய்வேடு முடியப் போகிறது என்கிற ஒரு தைரியம் அவளுக்கு இருந்தது. அவருக்கும் அது ஒன்றுதான் ஆசை. மகளுடைய வாய்மொழித் தேர்வுக்குச் சிதம்பரம் போக வேண்டும், முதல் வரிசையில் உட்கார வேண்டும், தன் காதால் கேட்க வேண்டும். டயாலிசிஸ் நர்சிலிருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போயிருந்த வாரம். மாசி மாசம், காலைப் பனி இன்னும் விடவில்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புதுச்சத்திரம் பக்கம் முழுக்கக் கொத்திப் போட்டிருந்தார்கள். எதிரே டிப்பர் லாரி ஒன்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வர, எங்கள் பேருந்து ஓரமாக நின்றது. லாரிக்கு முன்னால் பறந்துகொண்டிருந்த புழுதி அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே கறுப்புத் திட்டுத் திட்டாக ஓடியது. லாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, கண்ணைக் கூசும் வெளிச்சம் மட்டும்தான். பிறகு லாரி எங்களைத் தாண்டியது. தாண்டினதுதான் தாமதம், அது இழுத்துக்கொண்டு வந்த மொத்தப் புழுதியும் ஜன்னல் வழியாக எங்கள் மேல் வந்து கொட்டியது. நான் லாரிக்காரனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டு சேலையை உதறினேன். சமீரா முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"இவ்ளோ புழுதி பின்னாடி இருந்துச்சா ஜெயாக்கா?"

"வண்டின்னா பின்னாடிதாண்டி புழுதி கெளம்பும். இது ஒரு கேள்வியா?"

"நமக்குத் தெரியலையே. முன்னாடிதான் தூசி, பின்னாடி ஒண்ணும் இல்லன்னுதான நெனச்சோம்."

அதற்குமேல் கல்லூரி வரும்வரை பின்னால் போன சாலையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் கணக்குப் போட்ட புரோகிராம் அவளுடையது இல்லை. பேராசிரியருடைய முதல் மாணவர் எப்போதோ எழுதியது. அங்கே சேருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுப்பது வழக்கம். தூசி எல்லாமே நட்சத்திர வெளிச்சத்துக்கு முன்னால், நமக்கும் அதற்கும் நடுவில், ஒரு திரை மாதிரி இருப்பதாக வைத்துக்கொண்டு அது கணக்குப் போடும். இவளுக்கு முன்னால் படித்தவர்கள் எல்லாரும் நேராகத் தெரிகிற கேலக்ஸிகளை எடுத்ததால் அதில் பெரிய மோசம் எதுவும் வரவில்லை. சாய்ந்த கேலக்ஸியை எடுத்த முதல் ஆள் சமீரா. சாய்ந்தால் நம் பக்கத்துத் தூசி நடுவிலிருக்கிற வெளிச்சத்துக்கு முன்னால் வந்து கறுப்பாகத் தெரியும். தூரப் பக்கத்துத் தூசி அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் போய்விடும்.

"அப்ப அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமும் இருக்கும்க்கா. நாந்தான் இல்லன்னு எழுதிட்டேன். உரசிக்கிட்டுப் போச்சு, வாரிக்கிட்டுப் போச்சுன்னு ஒரு அதிகாரம் முழுக்க எழுதிட்டேன்."

சரிபார்க்க வழி இருக்கிறது என்றாள். தூசி தானே லேசாகச் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை விடும். முன்னால் எத்தனை நட்சத்திரங்கள் இருந்தாலும் அந்த வெளிச்சம் தாண்டி வந்துவிடும். விண்வெளியிலிருந்து எடுத்த அந்தப் படங்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. மங்கலாக இருக்கிறது என்று அவற்றை அவள் தொடாமல் விட்டிருந்தாள். இப்போது அதை வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்து எழுத வேண்டும். ஆறு மாசமாவது ஆகும்.

நான் சொன்னதை ஒளிக்க மாட்டேன். "அப்படியே குடுத்துடு" என்றேன். "டிகிரி வாங்கு. அப்புறமா உக்காந்து நிதானமா திருத்தி எழுது. கேலக்ஸி எங்கயும் ஓடிடாதுடி. கோடிக்கணக்கான வருஷமா அங்கேயேதான் கெடக்குது. உங்க வாப்பா இருக்க மாட்டாரு." நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் பேப்பரை வாங்கிக் கடைசி வரி வரை பார்த்தாராம். பிறகு, "இத்தன வருஷமா அந்த புரோகிராம என் கையாலதாம்மா எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தேன்" என்றாராம். கால நீட்டிப்புக்கு அவரே எழுதிக் கொடுத்தார். பைண்டிங் ஆன பிரதிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அப்பாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கல்லூரி விட்டதும் அவளோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கையில் குழாய்கள் மாட்டியிருக்க, ஹபிபுல்லா சாய்ந்து படுத்திருந்தார். மலிகாம்மா காலடியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பைண்டிங் வந்துடுச்சா?"

"ஆயிடுச்சு வாப்பா. ஆனா குடுக்கப் போறதில்ல."

முழுவதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடையில் நின்ற மனிதர், அவருடைய கணக்கில் புரிந்துகொண்டார்.

"அந்தப் பக்கத்துலயும் சரக்கு இருக்கு. நீ இல்லன்னு எழுதிட்ட. அவ்ளோதான?"

"ஆமா வாப்பா."

"யாராச்சும் போயி பாக்கப் போறாங்களா?"

"மாட்டாங்க."

"திருத்த எவ்ளோ நாளாவும்?"

"ஆறு மாசம். அதுக்கப்புறம் அவுங்க படிச்சிப் பாத்து, தேதி குறிச்சி... ஜாஸ்திதான் ஆவும் வாப்பா."

அவர் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தார். "டாக்டரு ஒங்கிட்ட சொன்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டியா?" என்றார். மலிகாம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"அப்ப நான் பாக்க வேணாம்னு முடிவு பண்ணிட்ட."

"வாப்பா, நீங்க மொத வரிசையில ஒக்காந்திருப்பீங்க. ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டே நான் அத எப்படிச் சொல்லுவேன்?"

"எனக்கு எங்கம்மா புரியப் போவுது."

"எனக்குப் புரியுமே."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு டயாலிசிஸ் முடிகிறவரை திரும்பவே இல்லை. வெளியே வந்து பழக்கடை ஓரம் நின்றபோது சமீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் அப்படிக் கோபம், கையை உதறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. உதறவில்லை.

அதற்குப் பிறகு அவர் மகளிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டியா, பஸ் லேட்டா, மழ வருது கொட எடுத்துக்க என்று மற்றதெல்லாம் வழக்கம்போல. அவள் மடிக்கணினியைத் திறந்தால் மட்டும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். எழ முடியாமல் போன பிறகு கண்ணை மூடிக்கொள்வார். ஆட்டோக்காரர் ஒருநாள், "பொண்ணு எப்ப பாய் டாக்டராவுது?" என்று கேட்டபோது, "ஆவும்" என்றதோடு சரி.

சமீரா வேலை செய்தாள். விடுமுறை நாளில் வீட்டில், இடைவேளையில் ஆசிரியர் அறையில், டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில். புரோகிராமை மாற்றி எழுதினாள், வெளிச்சத்துக்கு முன்னால் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பிரித்தாள். ஆனி மாசம் ஒருநாள் பேருந்தில் ஒரு படத்தைக் காட்டினாள். கண்ணாடி போடாமல் பார்த்த மாதிரி மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள். தூரப் பக்கத்துக் கையை விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கேயும் உள் ஓரத்தை ஒட்டி அந்தக் கோடு போனது. நடுவிலிருந்து தள்ளிப் போகப்போக மெலிந்தது. இந்தப் பக்கம் எப்படியோ அப்படியே.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க்கா."

"அப்ப நீ புதுசா கண்டுபுடிச்சது?"

"அது இல்ல இப்ப."

ஊரில் எல்லாரும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எழுதி டாக்டர் ஆகிறார்கள். இவளோ, தான் முன்னால் எழுதிய ஒன்று இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள். கருத்தரங்குக்காரர்களுக்கும் தன் கட்டுரையை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டாளாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த மங்கல் படத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தொலைத்துவிட்டோம் என்று நினைத்த பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தூரத்தில் பார்த்துவிட்ட அம்மா மாதிரி இருந்தாள்.

ஆவணியில் கொடுத்தாள். தேர்வாளர்கள் படித்து எழுதி அனுப்பி, மார்கழியில் வாய்மொழித் தேர்வு என்று தேதி வந்தது. தேதியும் ஆன்லைனில் சேர்வதற்கான எண்ணும் இருந்த காகிதத்தை அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அவர் எடுத்துப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

கார்த்திகை மழையில் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். நான் போனபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மய்யித்தை எடுத்துக்கொண்டு ஆண்கள் கபர்ஸ்தானுக்குக் கிளம்பியபோது சமீரா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ உறவுக்காரப் பெண், "பட்டம் பட்டம்னு இருந்தாரு, பாக்காமலே போயிட்டாரே" என்றார். வேறு சமயமாக இருந்தால் நான் அந்த அம்மாளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சமீராவுக்கும் அது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வைத் தள்ளிவைக்கலாமா என்று பேராசிரியர் கேட்டார். "இனிமே தள்ளிவெச்சி எனக்கு என்ன சார்" என்றாள்.

மலிகாம்மாவால் வர முடியாது. கணவனை இழந்த பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலையில் உள் அறையில் இருந்தார். தேர்வுக்கு முதல் நாள் போய் அவரைப் பார்த்தேன். "நீங்க கூட இருந்து பாத்துக்குங்க ஜெயராணி" என்று மட்டும் சொன்னார்.

தேர்வன்று டிபன் பொறுப்பு என்னுடையது. சிதம்பரத்தில் இட்லிக்கும் கொத்சுவுக்கும் சொல்லிவிட்டு, நெறியாளருக்குப் போட சால்வையை எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போனேன். முப்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் மாணவிகள். வெளிமாநிலத் தேர்வாளர் திரையில் இருந்தார். கொரோனாவுக்குப் பிறகு இப்படித்தான், வர முடியாதவர்கள் இணைப்பில் சேர்ந்துகொள்ளலாம். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அவர்கள் பெயர் வரும். முதல் வரிசையில் யாரும் உட்காரவில்லை. எனக்குப் பொறுக்காமல் நான் போய் உட்கார்ந்தேன்.

சமீரா பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தூசி கையின் உள் ஓரத்தில் ஏன் நெருக்கப்படுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கட்டம் வந்திருந்தது. முகம் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. ஹபிபுல்லா.

அவருடைய போனிலிருந்து மலிகாம்மா சேர்ந்திருக்கிறார் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. சமீரா மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். முதலில் தான் செய்த தவறை அவளே சொன்னாள், யாரும் கேட்காமல். எந்தப் பக்கம் எப்படித் தெரிந்தது, ஏன் அப்படித் தெரிந்தது, உண்மையில் எப்படி இருக்கிறது என்று வரிசையாக. பேசும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

தேர்வாளர்கள் கேட்டு முடித்தார்கள். கடைசியில், வந்திருக்கிறவர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்று தலைவர் ஒப்புக்குச் சொன்னார். அப்படிச் சொல்வது முறை, யாரும் கேட்பதில்லை. எல்லாரும் டிபனுக்கு எழுந்திருக்கத் தயாரானார்கள். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"நான் சமீரா உம்மா பேசறேன். கேக்கலாங்களா?"

தலைவர் தடுமாறி, "கேளுங்கம்மா, கேளுங்க" என்றார்.

"இது என் கேள்வியில்லங்க. சமீரா வாப்பாவோடது. ஊசி மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கும்போது இதப்பத்தியே யோசிச்சிக்கிட்டு இருப்பாங்க. எங்கிட்டதான் கேப்பாங்க, எனக்கு என்ன தெரியும். நான் அங்க வர முடியலன்னா நீ கேட்டுடுன்னு சொல்லி வெச்சாங்க." குரல் நின்று மறுபடி வந்தது. "நீ சொல்ற கிட்டப் பக்கம், தூரப் பக்கம் எல்லாம், அந்தாண்ட நின்னு பாக்கற ஒருத்தருக்கு மாறிப் போயிடுமான்னு கேக்கச் சொன்னாங்க சமீரா."

அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாசங்கள் முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் பார்க்க.

சமீரா அழவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "மாறிடும்மா. அந்தாண்டேருந்து பாக்கறவங்களுக்கு நம்ம தூரப் பக்கம்தான் கிட்டப் பக்கம். நாம இல்லன்னு நெனச்ச தூசி அவுங்களுக்கு நல்லாத் தெரியும். நமக்குத் தெரியறது அவுங்களுக்குத் தெரியாது. வாப்பா கேட்டது சரிதாம்மா."

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"சரிம்மா," என்றார் மலிகாம்மா. "அவுங்ககிட்ட சொல்லிர்றேன்."